ஒன்ராறியோவில் பிளாண்டிங் ஆமையைக் காக்க விரும்பும் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்ராறியோவில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, முட்டையிட மணலும் சரளையும் தேடிப் பெண் ஆமைகள் நீரை விட்டு வெளியேறி வீதிகளைக் கடக்கின்றன. இம்மாகாணத்தில் இயற்கையாக வாழும் எட்டு ஆமை இனங்களுள் நிலத்தில் வெகுதூரம் நடப்பவற்றுள் ஒன்று பிளாண்டிங் ஆமை. ஒரு சதுப்பு நிலத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து முட்டையிடும் இடத்துக்கும், பிறகு திரும்பியும் ஒரே பருவத்தில் பல கிலோமீற்றர் நடக்கக்கூடிய உயிரினம் இது. தென் ஒன்ராறியோவின் சதுப்பு நிலங்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றின் நடுவே வீதிகள் ஓடுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த ஆமையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்துள்ளன. அருகிவரும் வனவிலங்குகளை மதிப்பிடும் கனடாவின் அறிவியல் குழு, 2016 இல் பேரேரிகள் பகுதியில் வாழும் பிளாண்டிங் ஆமைகளை அழிவாபத்தில் உள்ளவையாக வகைப்படுத்தியது.

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இது தொலைவில் நடக்கும் செய்தி அன்று. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா நம்மில் பலருடைய வீடுகளுக்கு மிக அண்மையில் இருக்கிறது. அங்கே பிளாண்டிங் ஆமைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துபோன நிலையில், ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை வேறிடத்திலிருந்து கொண்டுவந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை இரண்டு ஆண்டுகள் வளர்த்து, 2014 இல் முதற்கட்டமாகப் பத்து இளம் ஆமைகளை அங்குள்ள சதுப்பு நிலத்தில் விட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இப்பணி தொடர்ந்தது. முதலில் விடப்பட்டவை இந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் முட்டையிடும் வயதை நெருங்கும். அப்படியென்றால், அவை முட்டையிட இடம் தேடி வீதிக்கு வரும் காலம் இனித்தான் தொடங்கப்போகிறது. உதவ விரும்புகிறவர்கள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

எதை முதலில் காப்பது

தன்னார்வலர்களுக்கு முட்டைகளிலும் குஞ்சுகளிலும்தான் முதலில் மனம் செல்லும். அது இயல்பு. ஆனால் இந்த இனம் நிலைப்பதும் அழிவதும் வளர்ந்த பெண் ஆமைகளின் கையில்தான் இருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு பிளாண்டிங் ஆமை முதன்முதலாக முட்டையிடவே பதினைந்து, இருபது ஆண்டுகளும் சில இடங்களில் அதற்கு மேலும் செல்லும். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை, பத்து முட்டைகள் அளவில் இடும். சில ஆண்டுகளில் இடாமலும் விடும். அம்முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை குஞ்சாகும் முன்போ முதல் ஓரிரு ஆண்டுகளிலோ போய்விடும். இத்தனை இழப்பையும் ஈடுசெய்வது பெண் ஆமையின் நீண்ட ஆயுள் மட்டுமே. மிச்சிகனில் 1954 இல் அடையாளமிடப்பட்ட ஒரு பெண் பிளாண்டிங் ஆமை 2016 இல் மறுபடியும் பிடிபட்டபோது அதன் வயது குறைந்தது 83 என்று கணித்தார்கள். அதே இடத்தில் நடந்த நீண்டகால ஆய்வு, வயது முதிர்ந்த பெண் ஆமைகள் இளையவற்றுக்குச் சற்றும் குறையாமல் முட்டையிடுகின்றன என்பதையும் காட்டியது.

வளர்ந்த ஆமைகளை இழந்தால் என்னவாகும் என்பதற்கு ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பூங்காவில் 1972 முதல், இம்மாகாணத்தின் இன்னோர் இனமான ஸ்னாப்பிங் ஆமைகளைப் பற்றி நடந்துவரும் ஆய்வு சான்று தருகிறது. 1980களின் பிற்பகுதியில், பனிக்கட்டிக்கு அடியில் மாரித்துயில் கொண்டிருந்த வளர்ந்த ஆமைகள் பலவற்றை நீர்நாய்கள் கொன்றுவிட்டன. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தும் எண்ணிக்கை பழைய நிலைக்கு மீளவில்லை. ஆகவே உங்களிடம் ஒரு மாலைப்பொழுது மட்டுமே இருக்குமானால், அதை முட்டைக் குழியைத் தேடுவதில் செலவிடாமல், ஆமைகள் கடக்கும் வீதியில் செலவிடுங்கள்.

அடையாளம் காணுதல்

பிளாண்டிங் ஆமையின் தாடையும் தொண்டையும் முழுவதுமாகப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஓடு, படைவீரரின் தலைக்கவசத்தைப் போல உயர்ந்து வளைந்து, கறுப்பு நிறத்தில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் தூவியதாக இருக்கும். வளர்ந்ததன் ஓடு 20 முதல் 25 சென்றிமீற்றர் வரை நீளும். அடிக்கடி காணப்படும் பெயின்ரட் ஆமைக்கும் கழுத்தில் மஞ்சள் உண்டு, ஆனால் அது கோடுகளாக இருக்கும். ஓடு தட்டையாகவும் விளிம்பில் சிவப்பு வரிகளோடும் காணப்படும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் திட்டு இருந்தால், அது செல்லப்பிராணிக் கடையிலிருந்து வந்து யாரோ குளத்தில் விட்ட வெளிநாட்டு இனம். ஸ்னாப்பிங் ஆமையைப் பற்றிக் குழப்பமே வராது: உருவத்தில் பெரியது, முட்கள் வரிசையிட்ட நீண்ட வால் கொண்டது, கரையில் மனிதரைக் கண்டால் பின்வாங்காமல் எதிர்த்து நிற்பது.

வீதியில் ஆமையைக் கண்டால்

வாகனத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை சில: ஒளி தெறிக்கும் மேலங்கி, தடித்த கையுறை, மூடியில் துளையிட்ட ஆழமான பிளாஸ்டிக் பெட்டி, பழைய துவாய். மாரியில் பனி அள்ள வைத்திருக்கும் சவளை ஏப்ரலில் கராஜுக்குள் வைத்துவிடாமல் வாகனத்திலேயே விட்டுவைக்கலாம். அதன் பயன் ஸ்னாப்பிங் ஆமையைச் சந்திக்கும்போது தெரியும்.

ஆமையைக் கண்டதும் முதலில் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனங்களைப் பாருங்கள். பிரேக்கைத் திடீரென மிதிக்காதீர்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, வீதியின் ஓரத்தில் பாதுகாப்பாக நிறுத்த இடமிருக்கும் வரை சென்று நிறுத்துங்கள். 401 போன்ற நெடுஞ்சாலைகளில் ஒருபோதும் இறங்க வேண்டாம். ஆமைக்காகவும் அங்கே கால்வைக்கக் கூடாது. பிள்ளைகள் வாகனத்துக்குள்ளேயே இருக்கட்டும். போக்குவரத்து இல்லாவிட்டால் ஆமையைத் தொடாமல், அது தானாகக் கடந்து முடியும் வரை தள்ளி நின்று காவல் காப்பதே மிகச் சிறந்த உதவி.

தூக்க வேண்டியிருந்தால், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஓட்டின் இரு பக்கங்களையும் இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, தரையிலிருந்து அதிகம் உயர்த்தாமல் கொண்டுசெல்லுங்கள். பிளாண்டிங் ஆமை சாதுவானது. பெரும்பாலும் உள்ளே சுருங்கிக்கொள்ளுமே தவிரக் கடிக்காது. ஆனால் அஞ்சும் ஆமை சேமித்து வைத்திருக்கும் நீரைக் கழிக்கும்; அதை எதிர்பாராதவர் கைநழுவ விட்டுவிடுவார். உயரத்திலிருந்து விழுந்தால் ஓடு வெடிக்கும், வயிற்றிலுள்ள முட்டைகளும் உடையும். ஆமை எந்தத் திசையை நோக்கிச் சென்றதோ, அந்தத் திசையிலேயே வீதியின் மறுபக்கத்தில், கரையோரத்திலிருந்து சிறிது உள்ளே தள்ளி விடுங்கள். குளம் அது வந்த பக்கத்தில்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுபோய் விட்டால், அது மறுபடியும் வீதியைக் கடக்க வரும். இன்னும் பாதுகாப்பான ஏரி இருக்கிறதென்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்வது அதைவிடப் பெரிய தீங்கு. தான் வாழும் நிலப்பரப்பை ஆமை பல்லாண்டுகளாக அறிந்து வைத்திருக்கிறது. மாரித்துயில் கொள்ளும் இடம், முட்டையிடும் இடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்நிய இடத்தில் விடப்பட்ட ஆமை பழைய இடத்தைத் தேடி வீதி வீதியாக அலையும்.

ஸ்னாப்பிங் ஆமை எதிர்ப்பட்டால் அணுகுமுறையை மாற்ற வேண்டும். அதன் கழுத்து பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் எட்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பில் காயம் ஏற்படும் என்பதால் அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. பின்னாலிருந்து சவளை ஓட்டுக்கு அடியில் மெல்லச் செலுத்தித் தரையோடு தள்ளிச் செல்லலாம். அல்லது ஆமையைப் பின்பக்கமாக வாகனத்தின் கால்மிதியின் மேல் ஏற்றி, கால்மிதியை இழுத்துச் செல்லலாம். எந்த ஆமையைத் தொட்டாலும் பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். அவற்றின் தோலில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

அடிபட்ட ஆமை

அடிபட்ட ஆமையைப் பார்த்து, இனிப் பயனில்லை என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி இது. ஊர்வனவற்றின் உடல் மிக மெதுவாக இயங்குவது. அசையாமல், மூச்சுவிடுவதாகவே தோன்றாமல் கிடக்கும் ஆமைக்கு உயிர் இருக்கலாம். இரண்டாகப் பிளந்த ஓடு கூடத் தகுந்த சிகிச்சையில் பொருந்தி ஆறும். பெண் ஆமை உண்மையிலேயே இறந்துவிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைக்க முடியும். பீற்றர்பரோவுக்கு அருகில் இயங்கும் ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு மையம் ஆமைகளுக்கென்றே உள்ள மருத்துவமனை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு ஆமைகளுக்கு அங்கே சிகிச்சையளிக்கிறார்கள்.

காயம்பட்ட ஆமையைத் துவாய் விரித்த பெட்டியில் வைத்து மூடுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காயத்தோடும் ஆமை ஏறிக்குதிக்கும். பெட்டியில் நீர் ஊற்றாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள், காயத்தில் மஞ்சளோ களிம்போ எதுவும் பூசாதீர்கள். வலுவிழந்த ஆமை சிறிதளவு நீரிலும் மூழ்கி இறக்கும். பெட்டியை வெயிலும் குளிரூட்டியின் நேர்க்காற்றும் படாத இடத்தில் வையுங்கள். புறப்படும் முன் மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். உங்களுக்கு அண்மையிலேயே முதலுதவி அளிக்கும் கால்நடை மருத்துவர் இருக்கக்கூடும்.

கண்டெடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீதியின் பெயர், அண்மைச் சந்தி, எந்தத் திசையில் சென்றது, கைத்தொலைபேசி காட்டும் வரைபடப் புள்ளி ஆகிய அனைத்தும் வேண்டும். குணமடைந்த ஆமையை அது கிடைத்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும் என்பது இம்மாகாண விதி. இடம் தெரியாமல் கொண்டுவரப்பட்ட ஆமை குணமான பின்பும் திரும்ப முடியாமல் போகும்.

வீதியில் இறங்கி வேலை செய்ய உடல்நிலை இடங்கொடாதவர்களுக்கும் இங்கே பெரிய பணி இருக்கிறது. மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் அடிபட்ட ஆமைகளைப் பீற்றர்பரோவுக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் தன்னார்வச் சாரதிகள். ஒருவர் பாதிவழி வரை கொண்டுவர, இன்னொருவர் அங்கிருந்து பெற்றுச் செல்கிறார். ஓய்வுபெற்றவர்களும் பகலில் நேரம் உள்ளவர்களும் இதற்குப் பெயர்பதிந்து கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேரடியாகப் பயன் தரும் பணி வேறில்லை.

முட்டைக் குழியைக் காத்தல்

அழிவாபத்தில் உள்ள ஓர் இனத்தின் முட்டைக் குழியில் கைவைக்க நிலத்தின் உரிமையாளருடைய சம்மதமும் உரிய அதிகாரிகளின் அனுமதியும் தேவை. ரூஜ் போன்ற பூங்காவுக்குள் குழியைக் கண்டால் பூங்கா ஊழியருக்கு அறிவிப்பதோடு உங்கள் பணி முடிந்தது. உங்கள் சொந்தக் காணியிலோ கோடைகால விடுதியின் சரளைப் பாதையிலோ கண்டால், மாகாணத்தின் சுற்றுச்சூழல் துறையையோ ஆமை மையத்தையோ உடனே கேட்டு, அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். நோவா ஸ்கோஷியாவில் கெஜிம்கூஜிக் பூங்காவைச் சுற்றியுள்ள ஏரிகளில், ஜூன் மாத மாலைகளில் தன்னார்வலர்கள் கரையில் காத்திருந்து, பிளாண்டிங் ஆமை முட்டையிட்டுச் சென்ற இடத்தைக் கம்பிவலையால் மூடும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அதுவும் ஆய்வாளர்களின் மேற்பார்வையில்தான் நடக்கிறது.

பிளாண்டிங் ஆமை பெரும்பாலும் அந்திப்பொழுதில் குழிதோண்டத் தொடங்கி, இருட்டிய பின் முடிக்கும். பல மணிநேரம் பிடிக்கலாம். முட்டையிடும் முன் இடையூறு நேர்ந்தால் பாதியில் கைவிட்டுப் போய்விடும். ஆகவே அதன் பார்வைக்கு வெளியே நன்றாகத் தள்ளி அமருங்கள். படமெடுக்க ஒளி பாய்ச்ச வேண்டாம், நாயை அழைத்துவர வேண்டாம். ஆமை குழியை மூடி நீருக்குத் திரும்பிய பின், அசையாத இரண்டு பொருள்களிலிருந்து குழிக்கு உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சில நாள் மழைக்குப் பின் அந்த இடத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது இயலாது.

குழியை மூட அனுமதி கிடைத்திருந்தால், வலை அன்றிரவே வந்தாக வேண்டும். ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகியவை புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனையைப் பின்பற்றி வருகின்றன. கொள்ளைபோகும் குழிகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களுக்குள் போய்விடும். ஏறக்குறைய 60 சென்றிமீற்றர் பக்கமுள்ள சதுரமான மரச்சட்டம் ஒன்றை, பதினைந்து சென்றிமீற்றர் உயரப் பலகையால் செய்து, மேற்புறத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையை அடித்துக்கொள்ளுங்கள். பலகையின் அடிப்பக்கத்தில் தரையை ஒட்டிக் குஞ்சு வெளியேற ஏறக்குறைய ஐந்து சென்றிமீற்றர் உயரமும் பத்து சென்றிமீற்றர் அகலமும் உள்ள வாசல்கள் வேண்டும். முட்டைகள் சட்டத்தின் நடுவில் அமைந்தால் அவ்வாசல் வழியாக ரக்கூனின் கை அவற்றை எட்டாது. சட்டத்தைச் சிறியதாகச் செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நான்கு மூலைகளையும் நீண்ட முளைகளால் தரையில் இறுக்கிவிடுங்கள். ரக்கூன் இழுத்தும் புரட்டியும் பார்க்கும்.

மேலே பலகையோ துணியோ போட்டு நிழல் உண்டாக்காதீர்கள். பிளாண்டிங் ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது: சூடான குழியில் பெண்களும் குளிர்ந்த குழியில் ஆண்களும் பிறக்கும். நாம் உண்டாக்கும் நிழல் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். நீர் ஊற்றவும் வேண்டாம். முட்டையைத் தோண்டி எடுத்து வீட்டில் பொரிக்கவைக்கலாம் என்று நினைப்பவர்கள் அதை அடியோடு மறக்க வேண்டும். இட்ட சில மணிநேரத்திலிருந்து கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்குகிறது. அதன்பின் முட்டை புரண்டால் கரு இறக்கும். அது சட்டவிரோதமும் ஆகும்.

குஞ்சுகள் ஆகஸ்ட் கடைசி முதல் ஒக்ரோபர் வரை வெளிவரும். அவற்றை ஏந்திக்கொண்டு போய் நீரில் விடாதீர்கள், நடக்க விடுங்கள். பெயின்ரட் ஆமையின் குஞ்சுகள் குழிக்குள்ளேயே மாரியைக் கழித்து அடுத்த வசந்தத்தில் வெளிவரும் வழக்கமுள்ளவை. ஆகையால் எந்த இனத்தின் குழி என்று உறுதியாகத் தெரியாதபோது, குஞ்சுகள் வரவில்லையே என்று இலையுதிர் காலத்தில் சட்டத்தை அகற்றிவிட வேண்டாம்.

பதிவுசெய்தலும் மறைத்துவைத்தலும்

கண்ட ஒவ்வொரு ஆமையையும், இறந்ததாயினும், நாள், நேரம், இடம், படம் ஆகியவற்றோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதியுங்கள். அழிவாபத்தில் உள்ள இனமானால் துல்லியமான இடத்தை அச்செயலி பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைக்கும். முகநூலுக்கும் வாட்ஸப் குழுவுக்கும் அந்தக் காப்பு இல்லை. பிளாண்டிங் ஆமைகளைத் திருடிச் செல்லப்பிராணிச் சந்தையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். குழியின் இடத்தையோ ஆமைகள் வெயில் காயும் குளத்தின் பெயரையோ பொதுவெளியில் எழுதுவது அவர்களுக்கு வழிகாட்டுவதாகும். பின்னணியில் வீதிப் பலகை தெரியும் படமும் அப்படியே. உறவினர்களுக்கு ஆர்வத்தோடு அனுப்பும் படமும் எங்கெங்கோ செல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டிலும் சில பழக்கங்கள் உதவும். குப்பைத் தொட்டியை இறுக மூடுவதும் ரக்கூனுக்கு உணவு வைக்காதிருப்பதும் முட்டைகளைக் காக்கும் செயல்களே. மீன்பிடிக்கும்போது தூண்டிலில் ஆமை சிக்கினால் கொக்கியைப் பிடுங்காமல், தூண்டில் நரம்பைச் சிறிது நீளம் விட்டு வெட்டி, ஆமையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கடையில் வாங்கிய ஆமையை வளர்க்க முடியாமல் போனால் குளத்தில் விடாதீர்கள். அதன் நோய்கள் நமது ஆமைகளுக்குத் தொற்றும்.

பிள்ளைகளுக்கும் நகரசபைக்கும்

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற ஒவ்வொரு மாணவரும் நாற்பது மணிநேரச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். ஆமைகள் கடக்கும் வீதியைப் பெற்றோருடன் சேர்ந்து கண்காணித்துக் கணக்கெடுப்பது அதற்குத் தகுந்த பணி. எனினும் எந்த அமைப்பின் கீழ் செய்கிறார்கள் என்பதைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்வது அவசியம். ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையின் சதுப்புநிலப் பாதுகாப்புத் திட்டத்திலும் ரூஜ் பூங்காவிலும் தன்னார்வலர்களுக்கு என்ன வாய்ப்புகள் உள்ளன என்று வசந்தத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

இப்படிச் சேர்த்த கணக்கை வீணாக்கக் கூடாது. ஈரி ஏரிக்கரையில் லோங் பொயின்ட் தரைப்பாலம் ஒரு காலத்தில் ஆமைகள் அடிபட்டுச் சாவதில் உலகிலேயே மிக மோசமான இடங்களுள் ஒன்றாக இருந்தது. அங்கே பொம்மை ஊர்வனவற்றை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், சாரதிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர் வேண்டுமென்றே அவற்றின் மேல் ஏற்றியது தெரியவந்தது. எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. அப்பகுதி மக்கள் முன்னின்று, நிதி திரட்டி, இருபுறமும் வேலியும் வீதிக்கு அடியில் கடவைகளும் அமைத்த பிறகுதான் வீதிக்கு வரும் ஆமைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. வேலியில் இடைவெளி விட்டால் ஆமை அதன் வழியே வீதிக்குள் வந்து திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும் என்பதையும் அங்கே கற்றார்கள்.

எந்த வீதியில், எந்த நாள்களில், எத்தனை ஆமைகள் கடந்தன, எத்தனை அடிபட்டன என்று ஒரு பருவம் முழுவதும் எழுதிய கணக்கோடு, நகரசபை உறுப்பினருக்கு மாரிக்காலத்தில், வரவுசெலவுத் திட்டம் முடிவாகும் முன் எழுதுங்கள். வேலிக்கும் கடவைக்கும் பணமும் ஆண்டுகளும் வேண்டும். ஆனால் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் முடியும் வரை, ஆமைகள் முட்டையிடும் சரளை வீதியோரங்களை இயந்திரத்தால் சமப்படுத்தும் வேலையை மட்டும் தள்ளிவைக்குமாறு கேட்பதற்கு அதிகச் செலவாகாது. முதற்கடிதத்திலேயே அதைக் கேளுங்கள். வேலைத் தேதிகளை மாற்றினாலே நிறைவேறக்கூடிய கோரிக்கை அது.